ஒண்ணுகூடச் சாகாத குளிர்காலம்

நீ சன்னலோரமே உக்காரு கண்ணு. எனக்கு இங்கயே சரியா இருக்கு. இந்தப் பை ரெண்டும் காலடியில இருக்கட்டும், இடிச்சா சொல்லு, நகத்திக்கறேன். திருப்பூருக்கா? நானும் திருப்பூர்தான். பஸ்ஸு மலை எறங்கி பர்லியாறு தாண்டற வரைக்கும் நான் பேசிட்டே வருவேன், கோச்சுக்காதே. வாயை மூடினா எனக்கு வளைவுல தலை சுத்தும். நீ பதில் சொல்லணும்னு இல்ல.

இதெல்லாம் ஒரு குளிரா. ஐப்பசி மழைக்கு இப்படித்தான் சிலுசிலுன்னு இருக்கும். நீ போன தை மாசம் கேத்திப் பக்கம் வந்திருக்கணும். எங்க இடம் பள்ளத்துல. மேட்டுல இருக்கறவங்களுக்கு ஏழு மணிக்கே வெயில் வந்துரும், எங்களுக்கு ஒம்பது ஆகும். அதுவரைக்கும் புல்லு மேல உப்புக் கொட்டின மாதிரி பனி உறைஞ்சு கெடக்கும். வாளித் தண்ணி மேல கண்ணாடியாட்டம் ஒரு ஏடு கட்டிருக்கும். அதை வெரலால ஒடைச்சுட்டுத்தான் மூஞ்சி கழுவணும்.

அந்தக் குளிருல அம்பத்தேழு உசுரைக் காப்பாத்துனேன் நான். ஒண்ணுகூடச் சாகல.

மனுசங்க இல்ல கண்ணு. கினிப்பிக்குன்னு சொல்லுவாங்க, கினிப் பன்னி. பாத்திருக்கியா? எலியும் இல்லாம முயலும் இல்லாம ஒரு தினுசா இருக்கும். வாலே கிடையாது. நம்ம காலடிச் சத்தம் கேட்டா எல்லாம் சேந்து கீக் கீக்னு கத்தும், தழை கொண்டாரோம்னு அதுக்குத் தெரியும். பெரிய ஊர்ல புள்ளைங்க வளக்கறதுக்கு வாங்கிட்டுப் போவாங்களாம். எங்க ஜெரோம் சார் அதை வளத்துக் கடைங்களுக்குக் குடுத்துட்டிருந்தாரு. அவர் வீட்டுல நான் சமையல், பாத்திரம், துணி, எல்லாம். பதினோரு வருஷம். எம்பேரு தெய்வானை, ஆனா அவர் தெய்வான்னுதான் கூப்புடுவாரு.

அவர் பையன் ஆஸ்திரேலியாவுல இருக்கறான். போன கார்த்திகையில சார் அங்க கெளம்பிட்டாரு, பங்குனிக்குத்தான் வருவேன்னு. போறப்ப என்னை ஷெட்டுக்குக் கூட்டிட்டுப் போயி நிறுத்தினாரு. "தெய்வா, முந்தின குளிருல வாச்மேன் இருவத்திரெண்டைச் சாகவிட்டான். நீ ஒண்ணைக்கூட விடக்கூடாது. இந்தக் குளிரைத் தாண்டிக் குடு, பின்னாடி இருக்கற குவார்ட்டர்ஸ் உனக்குத்தான், கடைசிவரைக்கும் இருந்துக்க"ன்னாரு. அந்த வாச்மேனை ஒரே வாரத்துல அனுப்பிட்டாரு, எனக்குத் தெரியும். பொண்டாட்டி புள்ளையோட லாரியில சாமான் ஏத்திட்டுப் போனான். இன்னொண்ணும் சொன்னாரு. "ஆளுங்களைக் கொண்டாந்து சேக்காதே. நீ ஒருத்தி மட்டும்."

எனக்கு வேற போக்கிடம் இல்ல கண்ணு. எம்புருஷன் போயி பதினாலு வருஷம் ஆகுது. இருக்கறது ஒரே பொண்ணு, சுகிர்தா. அவளையும் காரமடையில கட்டிக் குடுத்தாச்சு. நான் எங்க போவேன், சொல்லு.

சரி, எப்படிக் காப்பாத்துனேன்னு கேளு. அதுல ஒரு வித்தை இருக்கு. அதுங்களுக்குக் குளிரை விடக் காத்து ஆகாது. சந்துல ஒரு கோடு காத்து வந்தாப் போதும், நெஞ்சுல சளி கட்டி ரெண்டு நாள்ல போயிரும். அதனால முதல்ல தகரச் சுவத்துல இருந்த ஓட்டையெல்லாம் சாக்கைத் திணிச்சு அடைச்சேன். அதுங்க இருக்கற பொட்டிங்களைத் தரையில இருந்து ஒரு முழம் ஒசத்தி வெச்சேன். மர மில்லுல இருந்து சீவலு கொண்டாந்து கீழ பரப்பி, அதுக்கு மேல காஞ்ச புல்லு. புல்லு கெட்டியா இருந்தா அதுங்களே பொந்து பண்ணிப் படுத்துக்கும். சூட்டுக்கு ரெண்டு பொட்டிக்கு ஒரு குண்டு பல்பு. பாலாடாவுல கேரட் கழுவற எடத்துல சாந்தாமணின்னு ஒருத்தி, அவ தழையைச் சேத்து வெப்பா. அதையும் பனி ஈரத்தோட போடக்கூடாது, வயிறு ஊதிரும். வெயில்ல வாட்டித்தான் போடணும். சொவத்துல சார் ஒரு தெர்மாமீட்டர் மாட்டியிருந்தாரு. பதினெட்டுக்குக் கீழ எறங்கக்கூடாது. நான் படிச்சது மூணாவது. ஆனா அந்தப் பதினெட்டை மட்டும் நான் தூங்கும்போதுகூடப் படிப்பேன்.

மார்கழி பொறந்து நாலஞ்சு நாள் இருக்கும். மத்தியானம் மூணு மணிக்கு மூடுபனி எறங்கிருச்சு. நான் தழை வாளியோட வாசல்ல நிக்கறேன், யாரோ மேட்டுல இருந்து எறங்கி வர்ற மாதிரி இருக்கு. பாத்தா சுகிர்தா. ஒரே ஒரு பை. மேல கம்பளிச் சொட்டர்கூட இல்ல, துப்பட்டாவைச் சுத்திட்டு வர்றா.

"என்னடி, சொல்லாம கொள்ளாம?"ன்னேன்.

"சும்மாதாம்மா"ன்னா.

"மாப்பிள்ளை வரலியா?"

"வரல."

பனி ஷெட்டுக்குள்ள பூந்துட்டிருந்துச்சு. கதவைத் தொறந்து வெச்சுட்டு நின்னு பேச முடியுமா? வாளியை அவ கையில குடுத்து, உள்ள போடின்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்தினேன். அவ வாளியை வலது கையில வாங்கி, அப்பறம் அதைக் கீழ வெச்சுட்டா. இடது கையைத் துப்பட்டாக்குள்ளயே வெச்சிருந்தா. ராத்திரி சாப்பிடறப்பப் பாத்தேன், மணிக்கட்டு வீங்கியிருந்துச்சு. குளிருக்குக் கைகால் வீங்கறது எங்க ஊர்ல எல்லாருக்கும் உள்ளதுதான். தேங்கா எண்ணெயைச் சுட வெச்சுத் தடவுடீன்னேன். தடவினா.

எலும்பு ஒடைஞ்சிருந்திருக்கு கண்ணு. ஏழெட்டு மாசம் கழிச்சுத்தான் எனக்குத் தெரியும், அதுவும் அவ சொல்லல. பின்னாடி திருப்பூர்ல அவளோட ஹாஸ்டல்ல தங்கின ஜாஸ்மின்ங்கற பொண்ணு சொல்லுச்சு. டாக்டர் படம் எடுத்துப் பாத்து, இது ஒடைஞ்சு தப்பாச் சேந்திருக்கே, எப்ப ஆச்சுன்னு கேட்டாராம். மார்கழியிலன்னு சொன்னாளாம். அந்தக் கையோடதான் ரெண்டு மாசம் எங்கூட வாளி தூக்கினா. நான் வெரசா வாடி வெரசா வாடின்னு சத்தம் போடுவேன். என்னத்தைச் சொல்ல. அவளும் சொல்லல, நானும் கேக்கல.

கேக்கலைன்னா, நேரம் இருந்தாத்தானே கேக்கறது. காலையில அஞ்சுக்கு எந்திரிச்சு பல்பெல்லாம் எரியுதான்னு பாக்கணும். வெந்நி வெச்சு பாட்டில்ல ஊத்தி, துணி சுத்தி, குட்டி போட்ட பொட்டியில வைக்கணும். ஈரமான புல்லை எடுத்துட்டு காஞ்சது போடணும். அதுக்குள்ள முதல்ல வெச்ச பாட்டில் ஆறிப்போயிரும். திரும்பவும் மொதல்ல இருந்து. அவ வந்தது எனக்கு ஒத்தாசையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. நாலாம் நாளே எந்தப் பொட்டியில எது சினைன்னு எங்கிட்டயே சொன்னா. குட்டிங்களை அவ சொட்டருக்குள்ள போட்டுட்டுத் திரிவா. என் பழைய சொட்டர்தான், அரக்குக் கலரு. அது குட்டி போடறதே விசேஷம், பொறக்கும்போதே கண்ணு தொறந்து, முடியெல்லாம் மொளைச்சு, ஒரு மணி நேரத்துல ஓடும். அதைப் பாத்துட்டு ஒரு நாள் சொன்னா, "பரவால்லம்மா, இதுங்க பொறக்கும்போதே ஓடத் தெரிஞ்சுட்டுப் பொறக்குது"ன்னு. நான் சிரிச்சேன்.

கொஞ்ச நாள்ல ஷெட்டுலயே படுத்துக்கறேன்னா. குவார்ட்டர்ஸ் ரூமுல சன்னல்ல ஒரு கண்ணாடி இல்ல, அட்டைதான் வெச்சிருந்தேன். ஒரு கம்பளிதான் இருந்துச்சு. இன்னொரு கம்பளியைப் பொட்டிக்கு மேல போத்தியிருந்தேன். அங்கதாம்மா கதகதன்னு இருக்குன்னா. எனக்கும் நல்லதாப் போச்சு, பல்பு போனா அவ பாத்துக்குவா. சீவல் மூட்டை ரெண்டைப் போட்டு அது மேல படுத்துக்குவா.

இந்த வளைவு மோசமானது. கம்பியைப் புடிச்சுக்க கண்ணு.

கொண்டைக்காரன்னு ஒரு ஆணு இருந்துச்சு. தலையில கொண்டை மாதிரி முடி நிக்கும், நல்ல வெலை போற ஜாதி. ஆனா முரடு. கூட விட்ட பொட்டையோட காதைக் கடிச்சுப் பிச்சு வெச்சிருச்சு. ரத்தமா இருந்துச்சு. நான் பொட்டையைத் தூக்கித் தனியா வேற பொட்டியில விட்டேன். சுகிர்தா பக்கத்துல உக்காந்து பாத்துட்டு இருந்தா.

"அதுக்குத் தனிப் பொட்டி குடுத்துட்டியாம்மா?"

"குடுக்காம? காதைப் பாரு, தொங்குது."

மஞ்சளைக் கொழைச்சு அவதான் போட்டா. போட்டுட்டு, "எப்பத் திருப்பி உள்ள விடுவே?"ன்னா.

"ஆறுனதும்."

"ஆறுனா விட்டுருவியா?"

"விடாம என்ன பண்றது. குட்டி போடணுமில்ல."

அவ அதை மடியிலயே வெச்சுட்டு உக்காந்திருந்தா, வாட்டின தழையைக்கூட எடுத்துப் போடாம. நான் எந்திரிச்சு நானே போட்டேன். அப்ப எனக்கு அவ மேல எரிச்சல்தான் வந்துச்சு. இப்ப நீ ஏன் கண்ணு என்னை அப்படிப் பாக்கறே? எனக்கும் இப்பத் தெரியுது. இப்பத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது.

தை பத்து, பதினொண்ணு இருக்கும். ட்ரான்ஸ்பார்மர் வெடிச்சுப் போயிருச்சு. மூணு நாள் கரண்டு இல்ல. மூணு நாளும் பனி கொட்டுச்சு பாரு, நான் பொறந்ததுல இருந்து அப்படிப் பாத்ததில்ல. முதல் நாள் பாட்டில்லயே ஓட்டுனோம், விறகு தீந்து போச்சு. ரெண்டாம் நாள் சாயங்காலம் தெர்மாமீட்டரு பதினொண்ணுல நிக்குது. குட்டிங்கெல்லாம் ஒரு மூலையில ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடக்குதுங்க, கத்தவே இல்ல. அது கத்தலைன்னா ஆபத்து. கரி அடுப்பு ரெண்டு இருந்துச்சு. கங்கு போட்டு ரெண்டையும் ஷெட்டுக்குள்ள கொண்டாந்து வெச்சேன். மேல ஒரு சின்ன சன்னல் உண்டு, ஒரு சாண் அகலம். புகை போறதுக்குன்னு சார் விட்டது. அது வழியாக் குளிரு அப்படியே எறங்குது. சாக்கை மடிச்சு அதை அடைச்சுட்டேன்.

அவ உள்ள படுத்திருக்கறது எனக்கு... அவ அங்க படுப்பான்னு நான் நெனைக்கலைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வரேன். நெனைக்காம என்ன. ஒரு மாசமா அங்கதான படுத்திருந்தா. கதவைச் சாத்திக்கடின்னு சொன்னதே நான்தான்.

விடியறப்ப எந்திரிச்சு வரேன், ஷெட்டுக் கதவு ஆன்னு தொறந்து கெடக்கு. எனக்கு உசுரே போயிருச்சு. வாசல் பக்கத்துல, பனி உறைஞ்ச புல்லு மேல சுகிர்தா மண்டி போட்டு உக்காந்திருக்கா. வாந்தி எடுத்திருக்கா. கண்ணு ரெண்டும் செவந்து, தலையைப் புடிச்சுட்டு இருக்கா. நான் அவளைத் தாண்டி உள்ள ஓடினேன்.

எண்ணினேன். ஒவ்வொரு பொட்டியா எண்ணினேன். அந்த நேரத்துக்குக் குட்டிங்களோட சேத்து அறுபத்தெட்டு. அறுபத்தெட்டும் இருந்துச்சு. பாதிப் பொட்டியை அவ கதவுப் பக்கமா இழுத்து வெச்சிருந்தா, அந்தக் கையோட. அடுப்பு ரெண்டையும் வெளிய தள்ளியிருந்தா. அப்பறம்தான் வெளிய வந்தேன். வந்து நான் கேட்டது என்ன தெரியுமா? கதவை ஏண்டி இப்படித் தொறந்து போட்டேன்னு.

அவ என்னை நிமிந்து பாத்தா. "மூச்சு முட்டுச்சும்மா"ன்னா. அவ்வளவுதான்.

சுக்கு காபி போட்டுக் குடுத்தேன். குடிச்சா. மத்தியானம் கரண்டு வந்துருச்சு. சாந்தாமணி தழை கொண்டாந்தவ அவளைப் பாத்துட்டு, "ஏக்கா, உம்பொண்ணு மொகம் வெளுத்துக் கெடக்கே, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனியா?"ன்னா. பல்பு மாத்திட்டுப் போலாம்னு சொன்னேன். பல்பு மாத்தினதும் தழை வாட்டணும். அப்பறம் அவளே சரியாயிட்டா. சரியாயிட்டேன்னு சொன்னா.

அன்னைக்கிருந்து அவ பேச்சைக் கொறைச்சுட்டா. வேலையெல்லாம் செய்வா. நாங்க ரெண்டு பேரும் ஒரே ஷெட்டுல, ஆளுக்கொரு பக்கம், ஒரு வார்த்தை இல்லாம புல்லு மாத்துவோம். எனக்கு அது ஒரு கொறையாவே தெரியல. வேலை வெரசா முடிஞ்சுது.

மாசி பாதியில மாப்பிள்ளை வந்தாரு. மகேந்திரன்னு பேரு, சொந்தமா ஒரு டெம்போ வெச்சு ஓட்டறாரு. ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிட்டு வந்து வாசல்ல நிக்கறாரு. "அத்தை, ரெண்டு மாசமாச்சு, ஊர்ல நாலு பேரு கேக்கறாங்க. ஏதோ சின்னச் சண்டை, அதுக்குப் போயி"ன்னாரு. நல்லபடியாத்தான் பேசினாரு, குரலு ஏறல. நான் டீ போட்டுக் குடுத்தேன். சுகிர்தா ஷெட்டை விட்டு வெளிய வரல. நான் உள்ள போனேன். அந்தக் காது பிஞ்ச பொட்டையை மடியில வெச்சுட்டு உக்காந்திருக்கா.

"வந்திருக்காரு. கெளம்பு"ன்னேன்.

"நான் உனக்கு ஒத்தாசையா இருந்தேனில்லம்மா?"

"இருந்தே. இல்லேங்கல."

"அப்ப நான் இங்கயே இருந்துக்கறேன். ஷெட்டுலயே இருந்துக்கறேன். சாப்பாடு மட்டும் போடு."

"பனி முடிஞ்சுருச்சுடி"ன்னேன். "பங்குனியில சார் வந்துருவாரு. ஆளைச் சேக்காதேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. உன்னைப் பாத்தா என்னையும் சேத்து வெளிய போன்னுருவாரு."

பொய்யா சொன்னேன்? உள்ளதைத்தானே சொன்னேன். அவ எந்திரிச்சா. பொட்டையை எடுத்து அதோட தனிப் பொட்டியில விட்டா. சொட்டரைக் கழட்டி மடிச்சு சீவல் மூட்டை மேல வெச்சா. வேணாம், போட்டுட்டுப் போடீன்னேன். கீழ குளிராதும்மான்னுட்டுப் போயி டெம்போவுல ஏறி உக்காந்துட்டா. என்னைத் திரும்பிப் பாக்கல. டெம்போ மேட்டுல ஏறிப் போச்சு. நான் உள்ள போயி அவ விட்ட வேலையைப் பாத்தேன்.

மேட்டுப்பாளையம் வந்துருச்சா? அதுக்குள்ளயா. ஆமா, காத்து சூடா அடிக்குது. அதோ பாரு கண்ணு, அந்தப் பெட்ரோல் பங்க்கு, பக்கத்துல பேக்கரி இருக்கு பாரு. அங்கதான். மாப்பிள்ளை டீசல் போடறதுக்கு நிறுத்தியிருக்காரு. போட்டுட்டுத் திரும்பிப் பாத்தா சீட்டுல ஆளில்ல. அவ எறங்கி ரோட்டைத் தாண்டி, முதல்ல வந்த பஸ்ஸுல ஏறிட்டா. அந்த பஸ்ஸு எங்க போகுதுன்னுகூட அவளுக்குத் தெரியாதாம். அன்னூர் தாண்டித்தான் கண்டக்டர் திருப்பூர்னு சொல்லியிருக்காரு. பையைக்கூட எடுக்கல.

அவரு அடுத்த நாளே மேல ஏறி வந்தாரு. இந்தத் தடவை பழமில்ல. என்னை எங்கடி உம்பொண்ணுன்னாரு. அத்தைன்னு கூப்பிட்ட வாயாலதான். ஷெட்டுக் கதவை எட்டி ஒதைச்சாரு. உள்ள அதுங்க ஒண்ணும் கத்தாம மூலையில ஒதுங்கிருச்சுங்க. நான் கதவுக்குக் குறுக்க நின்னேன், அதுங்களை ஒண்ணும் பண்ணிரக்கூடாதேன்னு. புடிச்சுத் தள்ளினாரு. தகரத்துல தோளு இடிச்சுக் கீழ விழுந்தேன். சாந்தாமணி சத்தம் கேட்டு ஆளைக் கூட்டியாந்தா, அப்பறம்தான் போனாரு. கீழ கெடந்தப்ப எனக்கு வலிக்கக்கூட இல்ல. அவ மூணு வருஷம் இந்த ஆளோட ஒரே வீட்டுல இருந்திருக்காளேன்னு நெனச்சேன். அது மட்டும் நெனச்சேன். அப்பறம் எந்திரிச்சுக் கதவோட தாப்பாளைச் சரி பண்ணினேன்.

பங்குனியில சார் வந்தாரு. எழுபத்தொண்ணு இருந்துச்சு. செத்துப் பொறந்தது ரெண்டு, அதைச் சேக்கக்கூடாது, அது குளிருல சாகல. சார் ஒவ்வொரு பொட்டியாப் பாத்துட்டு, "தெய்வா, நீ தெய்வம்தான்"னு சொன்னாரு. எனக்கு ஒரு சால்வை கொண்டாந்திருந்தாரு, வெளிநாட்டுச் சால்வை. ஆனி மாசம் எல்லாத்தையும் வித்துட்டாரு. பையன் கூப்புடறானாம், அங்கயே போயி இருக்கப்போறாராம். கோயமுத்தூர்ல இருந்து வேன் வந்துச்சு. எழுபத்தொண்ணையும் அட்டைப் பொட்டியில போட்டு, ஓட்டை போட்டு, கொண்டு போயிட்டாங்க. எடத்தையும் ரிசார்ட்டுக்காரங்களுக்குக் குடுத்துட்டாரு. அவரு கெட்டவரு இல்ல கண்ணு. ஐப்பசி வரைக்கும் இருந்துக்கன்னு எனக்காகச் சொல்லி வெச்சாரு.

அப்பறம்தான் எனக்குச் சத்தமே இல்லாமப் போச்சு. ஷெட்டு காலி. அஞ்சு மணிக்கு முழிப்பு வந்துரும், எந்திரிச்சு என்ன பண்றதுன்னு தெரியாது. உக்காந்திருப்பேன். அழுகை வருமான்னு பாப்பேன், வராது. சோறு ஆக்கினா சாப்பிடுவேன், ஆக்கலைன்னா இல்ல.

ஆடியில சாந்தாமணி மக போன்ல தேடிப் புடிச்சுக் குடுத்தா, சுகிர்தா திருப்பூர்ல எந்தக் கம்பெனியில இருக்கான்னு. பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. முதல் தடவை போனப்ப கம்பெனி கேட்டுக்கு வந்து பத்து நிமிஷம் நின்னா. கையில கட்டு. ஆப்பரேஷன் பண்ணியிருக்காங்க. சாப்பிட்டியான்னா. சாப்பிட்டேன்னேன். டீ வாங்கிக் குடுத்தா. உள்ள போயிட்டா. ரெண்டாவது தடவையும் அதேதான். கோவமா பேசினா நான் ஏதாச்சும் பதில் சொல்லுவேன். அவ கோவப்படவே இல்ல. பக்கத்து வீட்டுக்காரங்களைப் பாக்க வந்த மாதிரி நிக்கறா. நான் என்ன தப்புப் பண்ணினேன்னு அவகிட்ட கேக்கணும்னுதான் ரெண்டு தடவையும் போனேன். மேட்டுப்பாளையம் வரைக்கும் கேக்கணும்னே வருவேன். இந்தப் பங்க்கைத் தாண்டினதும் கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லாமப் போயிரும்.

நேத்து போன் பண்ணினேன். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க, ஜேசிபி நிக்குதுன்னேன். ரொம்ப நேரம் மெஷின் சத்தம் மட்டும் கேட்டுச்சு. வெச்சுட்டாளோன்னு நெனச்சேன். அப்பறம் சொன்னா, "நானும் ஜாஸ்மினும் வெளிய ஒரு ரூம் எடுத்திருக்கோம். நாலு மணி பஸ்ஸுக்கு வா"ன்னு. வான்னுதான் சொன்னா. இருன்னு சொல்லல. எத்தனை நாளைக்குன்னும் சொல்லல. நானும் கேக்கல. நீ அவ வயசுதானே கண்ணு, அது எந்த மாதிரி வான்னு உனக்குத் தெரியுமா?

சரி, சொல்லாதே. போயித் தெரிஞ்சுக்கறேன்.

அவிநாசி தாண்டிட்டோமா. நீ தூங்கவே இல்ல, என்னாலதான். இவ்வளவையும் நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. அவகிட்டதான் சொல்லணும், உங்கிட்டச் சொல்லிட்டேன். அந்தச் சன்னலை அடைச்சது நான்தான்னு அவகிட்ட இன்னும் சொல்லல. அவளுக்குத் தெரியாமயா இருக்கும். சாக்கை எடுத்து வெளிய போட்டதே அவதானே. ஆனாலும் நான் சொல்லணுமில்ல.

பஸ் ஸ்டாண்டுதானா இது? எனக்குத் தூரத்துல கண்ணு தெரியாது, நீ பாத்துச் சொல்றியா? பச்சைச் சுடிதாரு போட்டுட்டு நிப்பேன்னா. ஒல்லியா இருப்பா. இல்லியா? சரி. பஸ்ஸு திரும்பட்டும்.

எங்க? தூணுக்குப் பக்கத்துலயா?

ஆமா. அவதான்.

எப்படி இளைச்சுப் போயிட்டா பாரு. அப்பவே இப்படித்தான் இருந்தாளோ என்னமோ, நான் எங்க பாத்தேன்.

நீ முதல்ல எறங்கு கண்ணு, உன்னைத் தேடி யாராச்சும் வந்திருப்பாங்க. நான் மெதுவா வரேன். அவ நிக்கறா. நின்னுட்டுத்தான் இருக்கா.